ஒட்டுப் போட்ட மழைக்கோட்டு

தன் புருசனுடைய மழைக்கோட்டை இன்னொருத்தி போட்டுக்கொண்டு நிற்பதை ஜீவராணி காலைப் பெரட்டில், மலைக்குப் போகுமுன் பேர் கொடுக்கும் இடத்தில்தான் பார்த்தாள்.

சந்தேகமே இல்லை. இடது தோளில் கிழிந்த இடத்துக்கு, உடைந்த குடையிலிருந்து நீலத் துணியை வெட்டி ஒட்டுப் போட்டவளே அவள்தான். அந்த நீலம் இப்போது பேச்சியம்மாவின் தோளில் இருந்தது.

பேச்சியம்மா பணிய லயத்துக்காரி, கீழே பள்ளத்து வரிசை வீடுகளில் இருப்பவள். புருசன் செத்து மூன்று வருடமாகிறது. பார்க்க லட்சணமாக இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள்.

ஜீவராணியின் புருசன் அழகுமுத்து, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ரோட்டு வேலைக்குப் போகிறான். போன வாரம் வேலைத்தலத்தில் எல்லாருக்கும் புதுக் கோட்டுக் கொடுத்தார்கள். பழையதை என்ன செய்வது என்று ஜீவராணி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அடுப்படித் தகரம் ஒழுகி விறகெல்லாம் நனைகிறது, வெட்டி விரித்தால் மேலே போட்டு மூடலாம். ஆனால் ஆணியில் கோட்டைக் காணவில்லை. கேட்டதற்கு, உக்கி இத்துப்போச்சு, ரோட்டோரம் வீசிவிட்டேன் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீசிய கோட்டு எப்படிப் பேச்சியம்மா தோளில் ஏறியது?

தேயிலை மலையில் கை கொழுந்தைக் கிள்ளியது. கண் மட்டும் ஆறு நிரை தள்ளி அந்த நீலத்திலேயே நின்றது. பக்கத்து நிரையில் நின்ற றொசானா வேறு, "நேத்து வரைக்கும் உரப்பையப் போர்த்திக்கிட்டு வந்தவ, இன்னைக்குப் பாரேன்" என்றாள். அது யார் வீட்டுக் கோட்டு என்று றொசானாவுக்குத் தெரியாது. ஜீவராணி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகக் கூடி வந்தது.

நாலு மாதமாக அழகுமுத்து சரியாகப் பேசுவதில்லை. ஆனி மழையில் அவளுடைய ஏழு மாதப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் அழகுமுத்து எழுந்து வெளியே போய்விடுவான். துக்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வெளியே போகிறவன் எங்கே போகிறான் என்று நினைக்கவில்லை. போன மாதம் அரைப் பலாப்பழத்தைப் பணிய லயத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போனான். அங்கே இருக்கிற கூட்டாளி சின்னராசாவுக்கு என்றான்.

சின்னராசாவுக்குத்தானா?

எனக்கு வெறும் வயிறு, அவளுக்கு இரண்டு பிள்ளை. அது போதாதென்று என் புருசனுமா?

பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஜீவராணி நேரே போய்ப் பேச்சியம்மாவின் முன்னால் நின்றாள்.

"அந்தக் கோட்டக் கழட்டு."

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என் வீட்டுக் கோட்டு. ஒட்டுப் போட்டவ நான். எதுக்குக் குடுத்தாருன்னு இத்தனை பேரு முன்னாடி சொல்லு. இல்லாட்டிக் கழட்டு."

கங்காணி வந்து சமாதானம் சொல்லப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பேச்சியம்மாவின் உதடு ஏதோ சொல்ல வந்தது போல அசைந்தது. பிறகு கூடையை இறக்கி வைத்தாள். பொத்தான்களைக் கழற்றி, ஈரம் உள்ளே போகிற மாதிரிக் கோட்டை மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வச்சுக்க தங்கச்சி."

அவ்வளவுதான். கொழுந்தை நிறுத்துவிட்டு, தலைக்கு ஒன்றுமில்லாமல் மழையோடு மலையேறிவிட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஜீவராணிக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. சண்டை போடாமல் கொடுத்தாளே, அது ஏன் என்று மட்டும் உறுத்தியது. குற்றமுள்ளவளுக்கு வாய் எங்கே வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தியில் அழகுமுத்து வந்து காலைக் கழுவியதும், கோட்டை அவன் முன்னால் போட்டாள்.

"நீங்க வீசின கோட்டு நடந்து வந்திருக்கு."

அவன் கோட்டைப் பார்த்தான். பிறகு, "அவங்க நனைஞ்சுக்கிட்டா போனாங்க?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று. பலாப்பழத்திலிருந்து தொடங்கி நெஞ்சில் கிடந்ததையெல்லாம் கொட்டினாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். அழகுமுத்து குனிந்து கோட்டை எடுத்து உதறினான். வாசலுக்கு நடந்தான்.

"எங்க போறீங்க?"

"குடுத்துட்டு வாறேன்."

"அவ உங்களுக்கு யாரு?"

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே பெய்கிற மழையைப் பார்த்தான்.

"உங்கிட்டச் சொல்ல வேணாம்னதே அவங்கதான். மழை பேயிறப்பெல்லாம் உனக்கு அதே நெனப்பா இருக்கும்னாங்க" என்றான்.

"எதச் சொல்ல வேணாம்னா?"

"நீ ஆஸ்பத்திரியில மயக்கமாக் கெடந்த. நம்ம புள்ளைய ஒரு வெள்ளத் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. ஆட்டோ பாலத்தோட நின்னுருச்சு. மிச்சத் தூரம் தூக்கிக்கிட்டு நடந்தேன். நல்ல மழை. பணிய லயத்தத் தாண்டுறப்போ துணி நனைஞ்சு புள்ளையோட ஒட்டிக்கிச்சு. பேச்சியம்மா ஓடி வந்து, தான் போட்டிருந்த கோட்டக் கழட்டிப் புள்ளையச் சுத்துனாங்க. பச்ச மண்ணு, நனையக் கூடாதுன்னாங்க."

அவன் கையிலிருந்த கோட்டைத் தடவினான்.

"அவங்க கோட்டோடயேதான் பொதைச்சேன்."