இரண்டும் மூன்றும் வீடு மாறிய கதை

ஒரு வட்ட வீட்டில் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு எண்கள் குடியிருந்தன. ஐந்துக்கு அடுத்து ஆறு இல்லை, மறுபடி பூஜ்யம்தான். அதனால் இரண்டும் மூன்றும் பெருக்கிக்கொண்ட போதெல்லாம் பூஜ்யத்தில் போய் விழுந்தன. "எல்லாம் உன்னால்தான்" என்று மாறி மாறி ஏசிக்கொண்டன.

ஒருநாள் பக்கத்து வட்ட வீட்டுக்குக் குடிபோயின. அங்கே பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழு பேர்; ஆறுக்கு அடுத்துதான் மறுபடி பூஜ்யம். வாசலில் "புலம்" என்று, இப்படிப்பட்ட வீட்டுக்குக் கணிதத்தில் வழங்கும் பெயரோடு ஒரு பலகை. அதில் ஒரே வரி: "பூஜ்யம் தவிர எல்லோருக்கும், பெருக்கினால் ஒன்றைத் தரும் துணை இங்கேயே உண்டு."

பயந்துகொண்டே பெருக்கின. ஆறு வந்து நின்றது.

"ஒரு வரிதான், நம்மை விழாமல் எப்படித் தாங்கியது பார்!" என்று இரண்டு அசந்துபோனது. "நாம் பூஜ்யத்தில் விழுந்திருந்தால், என்னை ஒன்றாக்கும் துணையான நான்கு வந்து பெருக்கியதும் நீ மட்டும் மிஞ்சி, நீயே பூஜ்யம் என்று ஆகியிருக்கும்; அது நடக்காதே. இத்தனை நாள் உன்னைத் திட்டினேனே."

"நானும்தான்," என்றது மூன்று. "ஒருநாளாவது வீட்டைத் திட்டினோமா?"