தையல்கடை மாடிக் கம்பெனி

“அந்தத் தையல்கடை மாடிக் கம்பெனி மட்டும் வேண்டவே வேண்டாம் சார். மொத்தப் பட்டியலும் காத்துல போயிடும்!”

மேசையைத் தட்டாத குறையாகக் கத்தினாள் கணினிப் பிரிவுப் பெண். வீட்டு வசதி அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எந்தக் கம்பெனியை நம்பலாம் என்று மூன்று வாரம் அலைந்து அவள் தயாரித்த அறிக்கை, நாடா கட்டிய கோப்பாக அவர் முன்னால் கிடந்தது. கோப்பைத் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. கொண்டு வருபவர் வாயால் சொல்ல வேண்டும். அவர் காதால் கேட்டு, மேலே குத்தியிருக்கும் குறிப்புத் தாளில் கையெழுத்துப் போடுவார்.

பத்து வருடத்தில் ஏழைகளுக்கு ஒதுக்கிய ஆயிரத்து இருநூறு வீடுகளின் பட்டியல் ஒரு பழைய சர்வரில் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. யார் விண்ணப்பித்தார், யார் பெயரை யார் அடித்தார், எத்தனை மணிக்கு அடித்தார் என்பது வரை அதில் இருக்கிறது. அடுத்த மாதம் வரப்போகும் விசாரணைக் குழு அதைத்தான் கேட்டிருந்தது. குழு வருவதற்குள் அதை வெளிக் கம்பெனி ஒன்றின் பொறுப்பில் விட்டுவிட வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். பொதுமக்கள் மேல் அவ்வளவு அக்கறை.

பட்டாசுக்கும் அக்கறை இருந்தது. கல் சுமந்தே முதுகு வளைந்துபோன அவள் அம்மா, ஒரு வீட்டுக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவள். பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்த அம்மாவின் பெயரை யாரோ அடித்திருந்தார்கள். யார் என்று சொல்ல அந்தப் பதிவைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

“பதறாம சொல்லும்மா. அந்த மாடிக்காரன் எதையாவது தொலைச்சிருக்கானா?”

“ரெண்டு ஆபீஸ் பதிவேடு சார். சுத்தமா போச்சு.”

“அடப்பாவமே!” என்றார் இயக்குநர். வாய் மட்டும்தான் பாவப்பட்டது. “கொஞ்சமாவது மீட்டாங்களா?”

“ஒரு வரி கூட இல்ல.”

“காப்பி எங்கயாவது எடுத்து வச்சிருப்பானே?”

“காப்பி எடுக்கிற பழக்கமே அந்த ஆளுக்குக் கிடையாதாம்.”

“யாரும் கேள்வி கேக்கலையா?”

“மெஷின் பழுதுன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாராம். அதோட சரி. அந்த ரெண்டு ஆபீஸ்லயும் யாருக்கும் ஒரு மெமோ கூட வரல. அநியாயம் சார்!”

“அநியாயம்தான்” என்று இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். வருடக்கணக்கில் இருந்த கழுத்துச் சுளுக்கு அந்த நிமிடம் விட்டதுபோல் இருந்தது முகம். “சரி, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனி?”

“அவங்க தங்கம் சார்! மூணு ஊர்ல காப்பி வச்சிருக்காங்க. ஒரு எழுத்தை அழிச்சாலும் யார் அழிச்சா, எப்ப அழிச்சான்னு எடுத்துக் கொடுத்துருவாங்க.”

“எடுத்தே கொடுத்துருவாங்களா?”

“கேட்ட அஞ்சு நிமிஷத்துல.”

இயக்குநர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ‘ஆமாம் சார்’ தவிர வேறு எதுவும் சொல்லாதவர், அன்று பார்த்து மூளையை உபயோகித்துவிட்டார். “அப்ப கண்ணாடிக் கட்டடத்துக்கே கொடுத்துடலாம் சார்.”

“யோவ், எல்லாத்தையும் பெரிய கம்பெனிக்கே தூக்கிக் கொடுத்தா, சின்னவங்க எப்பய்யா முன்னேறுவாங்க?”

“ஆமாம் சார். எப்பத்தான் முன்னேறுவாங்க?”

பட்டாசு விடவில்லை. “சார், பட்டியல் போயிட்டா அந்த ஜனங்க எங்க போய் நிப்பாங்க?”

“அவங்களுக்காகத்தானேம்மா இவ்வளவு பாடும்! நீ சின்னப் பொண்ணு. நாலு புத்தகம் படிச்சா போதுமா? நிர்வாகம்னா என்னன்னு போகப்போகத்தான் புரியும்.”

பேனாவைத் திறந்தார். ‘அறிக்கையை முழுமையாகப் படித்து ஆராய்ந்தேன். தையல்கடை மாடி நிறுவனத்தையே தேர்வு செய்க’ என்று குறிப்புத் தாளில் எழுதி, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். நாடா அவிழாத கோப்பை அவள் பக்கம் தள்ளினார்.

“இன்னைக்கே மொத்தத்தையும் அவன் கையில ஏத்திடு. நாளைக்குப் பாக்கலாம்னு இழுக்காதே, என்ன?”

அவள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

“அழுதுருவா போல சார்” என்றார் கண்காணிப்பாளர்.

“அழட்டும். வயசு அப்படி.”

மாடிப்படித் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பட்டாசு முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். மறுமுனையில் தையல்கடை மாடிக்காரரின் குரல், தையல் மெஷின் சத்தத்தோடு சேர்ந்து வந்தது.

“என்னம்மா சொல்றே? நெசமாவே நம்மளையா எடுத்தாங்க?”

“உங்களைத்தான் சார். சாயந்தரத்துக்குள்ள எல்லாத்தையும் ஏத்திடறேன். ஒரே ஒரு உதவி.”

“சொல்லும்மா.”

“இருபது வருஷத்துல நீங்க ஒரு வரி கூடத் தொலைச்சதில்லன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!”