காலஞ்சென்ற க்ரேஷோவின் வீடு

பேருந்திலிருந்து மூன்றாவதாக இறங்கியவள் என் முன்னாள் மனைவி நெவென்கா.

சிக்கல் என்னவென்றால், நான் செத்து மூன்று வருடமாகிறது.

வாசலில் பலகை இருக்கிறது: ‘காலஞ்சென்ற கிறுக்கன் க்ரேஷோவின் நிலவறை வீடு.’ எழுதியவன் நானேதான். உயிரோடிருப்பவனின் வீட்டைப் பார்க்க ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் எண்ணூறு கிலோமீட்டர் யார் வருவார்கள்? இருந்தவரை நான் ஓபல் ரத்தினக்கல் தோண்டும் இந்த ஊரின் சிடுமூஞ்சிக் கிழவன். செத்த மறுமாதமே வாரத்துக்கு இரண்டு பேருந்து.

ஊருக்கு விஷயம் தெரியும். மதுக்கடையில், "என்ன பிணமே, இன்னொரு பீரா?" என்பார்கள். அடிலெய்டிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் மட்டும் நம்பிவிட்டார். கால் பக்கத்துக்கு இரங்கல் எழுதினார், பாவம்.

நான் தாடியை மழித்து, சுரங்கத் தொப்பி போட்டுக்கொண்டு, செத்தவனின் சித்தப்பா மகன் ஆகிவிட்டேன்.

நெவென்காவோடு ஒரு குண்டு மனிதர் இறங்கினார். அவளுடைய கைப்பை, தண்ணீர்ப் புட்டி, குடை எல்லாம் அவர் தோளில். புருஷன்தான், சந்தேகமில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். உள்ளே வந்தாள்.

அவள் என்னை விட்டுப் போய் இருபத்திரண்டு வருடம். எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாகவேண்டும்: நான் செத்ததற்கு இவள் அழுதாளா?

வழக்கமான பேச்சை ஆரம்பித்தேன். ஊருக்குள் கல் தேடித் தோண்டுவது குற்றம். வீட்டைப் பெரிதாக்கத் தோண்டுவது குற்றமில்லை. ஆகவே க்ரேஷோ வீட்டைப் பெரிதாக்கினார். பதினோரு படுக்கையறை. பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஆறாவது அறையைத் தோண்டும்போதுதான் நெவென்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அதை நான் கூட்டத்தில் சொல்வதில்லை.

ஏழாவது அறையைத் தோண்டும்போது கடப்பாரை பக்கத்து வீட்டுக் கிரேக்கனின் சமையலறைக்குள் போய்விட்டது. ஓட்டை இன்னும் இருக்கிறது. குண்டு மனிதர் அதில் தலையை விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் முட்டை பொரித்துக்கொண்டிருந்த கிரேக்கன் கரண்டியைத் தூக்கி வணக்கம் சொன்னான். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கே அவரைப் பிடித்துப்போனது. அது வேறு எரிச்சல்.

நெவென்கா சிரிக்கவில்லை. அழுகிற மாதிரியும் தெரியவில்லை.

கொஞ்சம் கதை அவிழ்த்துவிட்டேன். கிளம்பிப்போன மனைவியின் செருப்பைக் கடைசிவரை தலைமாட்டிலேயே வைத்திருந்தார் க்ரேஷோ என்றேன். கூட்டம் உச்சுக்கொட்டியது.

"அப்போ அந்தம்மா வெறுங்காலோடயா போனாங்க?" என்றாள் நெவென்கா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"எப்படிங்க செத்தாரு?" என்று குண்டு மனிதர் கேட்டார்.

இதற்குத்தான் காத்திருந்தேன். இங்கே எங்கு பார்த்தாலும் மூடாத சுரங்கக் குழிகள். யாரும் பின்பக்கமாக நடக்கக் கூடாது. க்ரேஷோ நடந்தார். தன் வீட்டு முகப்பின் அழகைப் பார்க்கப் பின்னால் போய்க்கொண்டே இருந்தவர், தொண்ணூறு அடி ஆழத்தில் விழுந்தார். வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவேன். அன்று நிறுத்தவில்லை. கால் முறிந்து இரண்டு நாள் கிடந்தார், மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லியே உயிரை விட்டார் என்றேன்.

மனிதர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். நெவென்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் வெளியேறியது. அவள் மட்டும் நின்றாள்.

"தாடி இல்லாம பாக்க சகிக்கல, க்ரேஷோ."

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன்.

"பேப்பர்ல பாத்துட்டு மூணு நாள் சோறு இறங்கல எனக்கு. நாலாம் நாள் யோசோ, அதோ வெளிய நிக்கறாரே, அவரு பயந்து பயந்து கேட்டாரு, இனிமே நம்ம கல்யாணத்துக்குச் சாமியார் ஒத்துக்குவாரான்னு."

கோர்ட்டில் எங்களுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. கோயிலில் தீரவில்லை. முதல் புருஷன் உயிரோடிருக்கும்வரை எங்கள் குரோவேஷியப் பாதிரியார் இரண்டாவது மோதிரத்தை மந்திரிக்கமாட்டார். பதினேழு வருடம் யோசோ கடைசி வரிசையில், நற்கருணை அப்பம் வாங்கத் தனக்குத் தகுதியில்லை என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாராம். பாதிரியாரும் வயதானவர், பத்திரிகைத் துண்டே போதுமென்றுவிட்டார். அடுத்த ஞாயிறே கல்யாணம்.

"நீ உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா அவரு மறுபடியும் கடைசி வரிசைக்குப் போயிடுவாரு. அப்படிப்பட்ட ஆளு. செத்தது செத்ததாவே இரு, உனக்குப் புண்ணியமா போகும்."

அவள் கண் நிறைந்திருந்தது. எனக்காக இல்லை.

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

பேருந்தருகில் யோசோ காத்திருந்தார். அவளை ஏற்றிவிட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

"நிஜமாவே ரெண்டு நாள் கிடந்தாருங்களா?"

"இல்லைங்க. கூட்டத்துக்காகச் சொல்றது. விழுந்ததுமே போயிட்டாரு. வலியே தெரிஞ்சிருக்காது."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாசாமாசம் அவரு பேர்ல ஒரு பூசை வைக்கறேங்க. நெவென்காவுக்குத் தெரியாது. அவரு செத்ததால வந்த வாழ்வு எனக்கு. அதுக்கு நான் சந்தோஷப்பட்டேனே, அந்தப் பாவத்தை எங்க போய்த் தொலைக்கறது?"