இருமல்காரி

"இனிமே இந்தப் பொம்பளை வறுக்கிற அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

காப்பிக்கொட்டை ஆலைக்குப் புதிதாக வந்த மேலாளர் மூன்றாம் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். பின்னே? ஊர் குடிக்கிற சரக்கின் பக்கத்தில் நின்றுகொண்டு, வேளை பார்த்து லொக்கு லொக்கென்று இருமினால்?

கொட்டை வறுக்கிறவர் அவளுடைய சொந்த அண்ணன். வாசனையை வைத்தே பதம் சொல்லும் அவருக்கு ஆலையில் பெயரே 'மூக்கு'தான். தங்கை இருமினதும் "சனியனே, உன் இருமல் ஓயாதா?" என்று எரிந்து விழுவார். அப்படியே வறுக்கிற உருளையின் கைப்பிடியை இழுத்துக் கொட்டையை இறக்குவார்.

"டாக்டர்கிட்டப் போனியா?" என்றார் மேலாளர்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார்."

"அப்ப நாளைக்கு இரும மாட்டியே?"

"இருமுவேன்."

"திமிரா?"

"அப்படியே வச்சுக்குங்க."

மேலாளருக்குச் சுள்ளென்று ஏறியது. அவளை வெளியே தள்ளிக் கண்ணாடிக் கதவைத் தாழிட்டார்.

உருளை சுழன்றது. மூக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் மேலாளருக்கே காந்தல் நெடி அடித்தது. மூக்கு அசையவில்லை. கதவுக்கு வெளியே தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு உருளைச் சரக்கு முழுவதும் கரியாகிப்போனது.

மேலாளர் வெளியே ஓடிவந்தார். "என்ன கூத்து இது?"

"அண்ணனுக்கு அல்சைமர் சார். ஞாபகத்துல கை வைக்கறதுக்கு முன்னாடியே மூளையில வாசனை பாக்கற இடத்துல கை வச்சிடுச்சாம். ரெண்டு வருஷமா அவருக்கு ஒரு வாசனையும் தெரியாது. நான் மோந்து பாத்து இருமுவேன், அவர் இறக்குவார்."

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்புவீங்க. இந்தக் கைப்பிடியைப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் அவருக்குத் தான் யாருன்னு தெரியும். அந்த வியாதிக்கு என் அண்ணனை நான் சும்மா தூக்கிக் குடுக்க மாட்டேன் சார். என்னை வேணா வேலையை விட்டு நிறுத்துங்க."

மேலாளர் கதவை அகலத் திறந்து அவளை உள்ளே விட்டார்.

அடுத்த உருளைச் சரக்கு பதத்தை நெருங்கும்போது முதலாளி உள்ளே வந்தார். சுத்தம் என்றால் உயிரை விடுகிற மனிதர். எல்லாரும் வாயைப் பொத்தி நின்றார்கள்.

பின்வரிசையிலிருந்து லொக்கு லொக்கு.

"சனியனே!" என்றபடி மூக்கு கைப்பிடியை இழுத்தார். பக்குவமான பழுப்பு நிறத்தில் கொட்டை கொட்டியது.

முதலாளி முகம் சுளித்துத் திரும்பினார். "யாருய்யா அது, இங்க நின்னு இருமறது?"

மேலாளர் முன்னால் வந்தார்.

"நான்தான் சார். நாளைக்கும் இருமுவேன்."