நாலாவது தட்டு

மேசைமேல் வைத்த மாத்திரையைக் காணவில்லை.

மேசைக்குக் கீழே குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. எதையோ தின்று முடித்ததுபோல் சப்புக்கொட்டியது.

மருமகள் ஓடி வந்தாள். அது மாமனாரின் இதய மாத்திரை. குழந்தை கையில் மட்டும் சிக்கக்கூடாது, ஒன்றே போதும் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வாரி எடுத்து வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. குழந்தை வீறிட்டது.

மாத்திரை போட்டீர்களா என்று மாமனாரைக் கேட்டாள். போட்ட மாதிரியும் இருக்கிறது, போடாத மாதிரியும் இருக்கிறது என்றார். மனதில் வருவது இன்று காலையா நேற்றுக் காலையா என்று அவருக்கே தெரியவில்லை.

காலையிலிருந்து அந்த மேசைமுன் உட்கார்ந்திருக்கும் மனிதர் இந்த உலகத்திலேயே இல்லை. ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரார் பல்லைப் பிடுங்கிய கையால் இப்போது குட்டிச் சாமான்கள் சேர்க்கிறார். தீப்பெட்டிக்குள் அடங்கும் கட்டில், கடுகளவு கைப்பிடி வைத்த அலமாரி. இன்று சாப்பாட்டு மேசை. தபாலில் வந்த நாலு வெள்ளைப் பீங்கான் தட்டுகளை இடுக்கியால் எடுத்து அதில் ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னத் தட்டுகள். மூக்குக் கண்ணாடிகூடப் போடவில்லை. என் விரலுக்கே கண் இருக்கிறது என்று பீற்றிக்கொள்வார்.

அழுத குழந்தைக்குக் கண் சொருகியது. தூக்கமா, மயக்கமா? அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

"நில்லும்மா, ஞாபகம் வந்துருச்சு. நான்தான் முழுங்கினேன். தொண்டையக் கீறிக்கிட்டுல்ல இறங்குச்சு, அதுக்குன்னே ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன்."

போன உயிர் திரும்பி வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, குழந்தையின் உச்சந்தலையில் முகம் புதைத்து விசும்பினாள்.

மாமனாருக்குச் சங்கடமாகிவிட்டது. அவளைத் தேற்ற வேறு வழி தெரியாமல், முடித்து வைத்த குட்டி மேசையை அவளிடம் கொண்டுவந்தார். வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் லென்ஸையும் கையில் கொடுத்தார்.

அவருக்காகப் பார்த்தாள். முதல் தட்டு வழவழவென்று இருந்தது. அடுத்த இரண்டும் அப்படியே.

நாலாவதின் நடுவில், பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதற்கு வசதியாக, ஒரு கோடு இருந்தது.