உருக்காலைக்குப் போகும் இரும்பு

“தொறந்து பாருங்க சார்!” கங்கம்மாள் போட்ட கூச்சலில் துறைமுக வாசலே திரும்பிப் பார்த்தது.

சுங்க அதிகாரி எழிலரசன் எரிச்சலோடு நிமிர்ந்தார். “கன்டெய்னர் சீல் உடையல. பேப்பர் சரியா இருக்கு. சீக்கிரம் விடுங்கன்னு சண்டை போடுறவங்களைத்தான் பார்த்திருக்கேன். நீ சரக்கை எடுக்க வந்த கம்பெனி ஆளுதானே?”

“ஆமா, கும்மிடிப்பூண்டி உருக்காலை ஆளுதான். சண்டை நடந்த நாட்டுலேர்ந்து வந்த பழைய இரும்பு சார் இது. கொட்டிப் பாக்காம நான் வண்டிய எடுக்க மாட்டேன்.”

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் கன்டெய்னரைத் திறக்கச் சொன்னார்.

பாதி இரும்பைக் கொட்டியதும் ஆட்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். துருப்பிடித்த மூன்று பீரங்கிக் குண்டுகள், வெடிக்காதவை, இரும்போடு கிடந்தன.

எழிலரசன் அவள் பக்கம் திரும்பினார். “உள்ளே இது இருக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“எனக்கு இன்னா சார் தெரியும்? போன தபா வந்தத தொறக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புனீங்க. உலையில போட்டதும் வெடிச்சிது. பக்கத்துல நின்னவரு என் ஊட்டுக்காரரு. அவரு செத்ததுக்குத்தான் கம்பெனி எனக்கு இந்த வேலைய குட்த்துச்சு.”