இருநூற்றுப் பத்துத் தலைகள்

ஸ்டூலை எடுத்தது மேனேஜர்தான். வாட்ச்மேன் அதை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் அவருக்கு இல்லை.

“வாசல்ல ஒருத்தர் குந்திக்கிட்டு இருந்தா கடைக்கு அழகா இல்ல. இனிமே நின்னுக்கிட்டே இருங்க. ஏசிக்காக உள்ள வர்ற வேலையும் வேணாம். வந்தீங்க, சீட்டைக் கிழிச்சிடுவேன்.”

அதற்கு மூன்று மாதம் ஆகிறது. அறுபத்து மூன்று வயது முழங்காலுக்கு ஒரே இடத்தில் நிற்பது ஆகாது என்று மேனேஜருக்கு யார் சொல்வது?

அந்த செல்போன் கடையில் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, கவுன்ட்டரில் நிற்கும் மூன்று பெண்களில் ஒருத்தியோடு வாய்ச்சண்டை. அன்று காலை அவள் செய்தித்தாளோடு வந்தாள்.

“பெரியப்பா, சேதி கேட்டீங்களா? புதுசா போன் வாங்க ஆளே இல்லையாம். போட்டிருக்கான்.”

“எவன் போட்டான்?”

“நிபுணர்கள்.”

“அவங்க எந்தக் கடை வாசல்ல நின்னு பாத்தாங்க?”

“நீங்கதான் நிக்கிறீங்களே, சொல்லுங்க. நேத்து நாம வித்தது மொத்தமே நாலு.”

“வித்தது உன் பாடு. வந்தது என் பாடு. நேத்து இருநூத்திப் பத்துப் பேர். மெஷின் பொய் சொல்லுமா?”

கதவுக்கு மேலே, உள்பக்கமாக ஒரு சின்னப் பெட்டி. உள்ளே நுழைகிற தலைகளை எண்ணிச் சிவப்பு எழுத்தில் காட்டும். ஸ்டூலை எடுத்த அதே வாரம்தான் அது வந்தது. கவுன்ட்டரிலிருந்து பார்த்தால் விளம்பர அட்டை மறைக்கும். கடை சாத்தும்போது வாட்ச்மேன்தான் அண்ணாந்து பார்த்து எண்ணைச் சொல்வார்; அது ஹெட் ஆபீசுக்குப் போகும். தினமும் இருநூறுக்குக் குறையாது.

“அத்தனை பேரை நான் பாக்கலையே, பெரியப்பா.”

“நீ கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப.”

அவள் சிரித்துவிட்டாள். “பழசே போதும்னு ஜனங்க இருந்துட்டாங்க. உங்க போனையே எடுங்க. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க.”

“அதுக்கு என்ன குறைச்சல்? பேசுதுல்ல.”

“அதைத்தான் பேப்பர்லயும் போட்டிருக்கான்.”

அவர் அசரவில்லை. “பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவான். எனக்குத் தெரியும் வாசல்.”

மாலை நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ் அதிகாரி வந்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார்.

“எல்லாக் கடையிலயும் டல்தான் சார். பேப்பர்லயே வந்திருக்கு.”

“பேப்பரை விடுங்க. நம்ம கடைகள்லயே கூட்டம் அதிகம் இங்கதான். மெஷின் சொல்லுது. ஆனா விற்பனையில நீங்க கடைசி.” அதிகாரி வாசல் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்க சொல்லுங்க. ஆள் வருதா, இல்லையா?”

இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய மனிதர் அவரிடம் கருத்துக் கேட்டது அன்றுதான். கதவைப் பிடித்தபடியே நிமிர்ந்து நின்றார்.

“வருதுங்க. பேப்பர்ல வந்தது சுத்தப் பொய்.”

“கேட்டீங்களா? வாங்கத்தான் வர்றாங்க. விக்கத்தான் தெரியல. கவுன்ட்டர்ல இருக்கிற மூணு பேரையும் இன்னியோட நிறுத்திட்டு வேற ஆள் போடுங்க.”

“சரி சார்” என்றார் மேனேஜர்.

கவுன்ட்டர் பெண் யாரையும் பார்க்கவில்லை. செய்தித்தாளை மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான்.

வாட்ச்மேன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். “அய்யா, ஒரு நிமிஷம்.”

பேச வந்தவர் கண் எதேச்சையாக மேலே போனது. நூற்று இருபத்தாறு என்று இருந்தது நூற்று இருபத்தேழு ஆனது. அவரைத் தவிர வேறு யாரும் நுழையவில்லை.

வெளியே போனார். உள்ளே வந்தார். நூற்று இருபத்தெட்டு.

“என்ன பெரியவரே, விளையாடறீங்களா?”

“இல்லீங்க. சரி பாக்கறேன்.” இன்னொரு தரம் போய் வந்தார். நூற்று இருபத்தொன்பது.

இப்போதுகூடப் பேசாமல் வெளியே போய் நின்றுகொள்ளலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. வேலையும் இருக்கும், காலையில் போட்ட சண்டையில் ஜெயித்த மாதிரியும் இருக்கும்.

“மெஷின் எண்ணினது கஸ்டமரை இல்லீங்க. என்னை” என்றார். “நின்னுக்கிட்டே இருந்தா முழங்கால் பூட்டிக்குது. மேனேஜர் பின்னாடி ரூமுக்குப் போனதும் உள்ள வந்து நாலு எட்டு நடந்துட்டுப் போவேன். மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம். நெசமா வர்றவங்க முப்பது பேர் இருந்தா அதிகம்.”

மேனேஜர் அந்த ரூமை விட்டு வரும்போதெல்லாம் கவுன்ட்டர் பெண் இருமி எச்சரித்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

“அப்போ பேப்பர்ல வந்தது உண்மை?” என்றார் அதிகாரி.

“உண்மைதாங்க. இந்தப் பொண்ணுங்க மேல தப்பு இல்ல. இல்லாத ஆளுக்கு எப்படி விப்பாங்க?”

மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. “உள்ள வரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? யாரைக் கேட்டு நடந்தீங்க?”

“நடக்க வெச்சதே நீங்கதான் சார். ஸ்டூலைக் குடுங்க. நாளைக்கே உங்க மெஷின் நெசம் பேசும்.”

அதிகாரி சிரித்தார். பெண்கள் மூவரும் இருக்கட்டும் என்றார். வாட்ச்மேன் தோளைத் தட்டி, உண்மையைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும் என்று பாராட்டினார். போகும்போது, இந்தக் கோளாறு இனி வராமல் இருக்க உடனே ஏற்பாடு செய்யும்படி மேனேஜரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே ஏற்பாடு நடந்தது. மெஷினைக் கழற்றிவிட்டார்கள்.

ஸ்டூல் இன்னும் வரவில்லை.